மூன்று கறுப்புகள்

ஔலு நகரில் பிற்பகல் இரண்டரைக்கே
ஜன்னல் நீலமாகிவிட்டது.
சமையல் மேசையில் இர்மெலி
ஒரே நாயை மூன்று தாள்களில் பரப்பியிருக்கிறாள்.

முதல் பிரிண்டரின் கறுப்பு
வண்ணங்களைக் கூட்டிச் சமாளித்த கறுப்பு.
விளக்கடியில் சாது;
பகல் வெளிச்சம் பட்டால்
காதோரம் பாசி பிடிக்கும்.

இரண்டாவதில் சாம்பலுக்கே மூன்று குப்பி.
பனிமேல் பனி விழுந்த இடம்கூடத் தெரிகிறது.
ஆனால் தாளை மாற்றும்போதெல்லாம்
குழாய் கழுவுகிறேன் பேர்வழி என்று
பாதி மையைக் குடித்துவிடும்.

மூன்றாவது, கரி மை.
பழைய இயந்திரத்தில் அவளே ஊசியால் நிரப்பியது.
ஹீட்டர் காற்றில் துளைகள் அடைத்து
நாயின் முதுகெல்லாம் வெள்ளைக் கோடு.
நாலு நாள் மல்லுக்கட்டியபின் வந்தது இது:
கழுத்து மடிப்பின் இருட்டுக்குள்
இன்னும் ஓர் இருட்டு.

பூட்ஸைக் கழற்றாமலே வந்த தௌனோவிடம்
"எது சரி?" என்றாள்.
குனிந்தான். கரியில் விரல் வைக்கப்போய்
அவள் முறைத்ததும் எடுத்துக்கொண்டான்.

"நொக்கி பழுப்பு நாயாச்சே, இர்மெலி."

பெயரைக் கேட்டு
மேசைக்கடியில் ஒரு பழுப்பு வால்
தரையை இரண்டு தட்டு தட்டியது.

"தெரியும்" என்றாள்.
மூன்றாவது தாளைத் திருப்பி
பென்சிலால் எழுதினாள்:
கரி, நாலாம் நாள்.