பன்னிரண்டில் ஐந்து போக

நக்கெரலா கணவாயில் பனி கதவைச் சாத்தியபோது
வேனில் பதினொரு பேர், ஒரு கோழி,
என் காலடியில் ஒரு பெட்டி.
பெட்டிமேல் அச்சடித்திருந்தது:
தொண்ணூற்றொன்பது லட்சத்துச் சொச்சம் ஆட்டங்கள்.
உள்ளே ஏழு.
மீதியெல்லாம் அதே ஏழு, சட்டை மாற்றிக்கொண்டு.

ஓனியில் இருக்கும் மைத்துனன் ஜும்பருக்கு அது.
அவனுடையதைப் போன குளிர்காலத்தில் எரித்தவன் நான்.
ரேடியோ அடாப்டர் துளைக்குள் வழுக்கிக்கொண்டு போனது;
பொருந்தினால் போதும் என்று நினைத்துவிட்டேன்.
அதற்கு நடுவில் எதிர் வேண்டுமாம்.
நான் கொடுத்தது நேர்.
ஒரு நூல் புகை.
அவன் திட்டவில்லை. திருப்புளியைத் துடைத்து
உறையில் போட்டான்.
பதினான்கு மாதமாகப் பேச்சில்லை.

அதனால் இதைத் திறந்து நாலு டயோடு வைத்திருந்தேன்.
எந்தப் பக்கமாய் வந்தாலும்
போகவேண்டிய பக்கமாய் அனுப்பிவைக்கும் நாலு காவலாளி.
கொஞ்சம் வோல்ட் கூலி பிடிப்பார்கள், பிடிக்கட்டும்.
ஆன்டெனா வழியே இரைந்துகொண்டு போன படத்தை
ஒரு டிரான்சிஸ்டர் பிடித்து மஞ்சள் துளைக்கு இழுத்தேன்.
மூளை இருக்கவேண்டிய இடத்தில்
ஒரு கறுப்புப் பிசின் சொட்டு.
அதை மட்டும் தொடவில்லை.

"ஓடுமா அது?" என்றாள் நர்ஸ் ஸியூரி.
புகைக்குழாயைப் பனி அடைத்திருந்தது, எஞ்சினை அணைத்தாயிற்று.
ஓட வேறெதுவும் இல்லை.

டாஷ்போர்டில் ரிவர்ஸ் கேமராவின் திரை,
உள்ளங்கை அகலம். அதற்கும் மஞ்சள் துளை உண்டு.
ஆனால் ரிவர்ஸ் கியர் விழுந்தால்தான் கண் திறக்கும்.
கைபிரேக்கை இழுத்துக் கியரைத் தள்ளினேன்.
சிகரெட் பற்றவைக்கும் துளையிலிருந்து ஒரு ஒயர்.
நிறம் ஒத்துவரவில்லை, கறுப்பு வெள்ளையில்
டாங்கிகள் வரிசையாக வந்தன.

"டாங்கி வேண்டாம்" என்றான் உச்சா,
ராணுவத்திலிருந்து விடுப்பில் போகிறவன்.
"பழம் பொறுக்குகிறது இருக்குமே."
இருந்தது. மூன்றாவதாக, பிறகு பத்தாவதாக,
பிறகு நாற்பத்தொன்றாவதாக.

உள்ளே மூன்றுகால் சில்லு ஒன்று.
பேட்டரி தரும் பன்னிரண்டில் ஐந்தை மட்டும் உள்ளே விட்டு
மீதியைச் சூடாக்கித் துப்பிவிடும்.
மூடியைக் கழற்றிப் போட்டேன்.
முறை வராதவர்கள் அதன் தகரத்தில்
விரல் காய்ச்சிக்கொண்டார்கள், ஒருவர்பின் ஒருவராக.
பல் மருத்துவர் ரொமானோஸ் சொன்னார்:
"என் ஓய்வூதியமும் இப்படித்தான்.
கைக்கு வருவது ஐந்து."
பாலாடைக்கட்டி விற்கிற சகோதரிகள்
ஒரு கட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு
இடது உனக்கு, தாவல் எனக்கு என்று
ஆடினார்கள். மோசமாக ஆடினார்கள்.
கோழி மட்டும் தூங்கியது.

மூன்று மணிக்கு, உச்சா நாலாவது கட்டத்தில் இருந்தபோது
படம் சுருங்கிச் சுருங்கி
ஒரு கோடாகிப் போய்விட்டது.

அதற்கும் அரைமணி கழித்துக் கண்ணாடியில் தட்டினான்
பனிவண்டிக்காரன், மீசையெல்லாம் வெள்ளை.
"கீழே வளைவிலிருந்து பார்த்தேன்,
பின்னால் ரெண்டு வெள்ளை விளக்கு, நெடுநேரமாய்.
எவனோ ராத்திரி முழுக்க
ரிவர்ஸ் எடுக்கப் பார்க்கிறான்,
குடித்திருக்கிறான் என்று நினைத்தேன்."

விளக்குகளை நான் மறந்தே போயிருந்தேன்.
பேட்டரியைக் குடித்தவை அவைதான்.
பனியை வழித்துக் கொடுத்தான்.
எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள், ரொமானோஸும்கூட.
இரண்டாவது கியரில், சரிவில்,
இருமி எழுந்தது வண்டி.
ஓடிவந்து ஏறும்போது
"நாலாவது கட்டம்" என்றான் உச்சா, என்னிடம்,
கடன் பாக்கி கேட்பதுபோல.

ஓனியில் ஜும்பர் கதவைத் திறந்தான்.
பெட்டியை வாங்கினான், வா என்று சொல்லவில்லை,
கதவைச் சாத்தவும் இல்லை.
மேசையில் வைத்துத் திருப்புளி எடுத்தான்.
உள்ளே ஒரு கோழியிறகு.
அதை ஊதித் தள்ளிவிட்டு
நாலு டயோடையும் நகத்தால் தட்டிப் பார்த்தான்.
வெகுநேரம் பார்த்தான்.

"ஈயம் அதிகம்" என்றான்.