கொட்டை வகைகள்

பெரியாஸ்பத்திரிக்கு எதிர்வரிசையில்
ஜெராக்ஸ் மிஷினோடு நிற்பது என் வேலை.
பக்கம் இரண்டு ரூபாய். கடை வேறொருவருடையது.

உணவுப் பட்டியல் ஒன்றை
வாரத்துக்கு முந்நூறு பிரதி எடுக்கிறேன்.
அதில் ஆறாவது வரி:
கொட்டை வகைகள் – தினமும் ஒரு கைப்பிடி.

என் ரத்தக் காகிதத்தையும் நானே நகலெடுத்தேன்.
ஹீமோகுளோபின் எட்டு புள்ளி நாலு.
கறுப்பு வெள்ளையில் இன்னும் வெளிறியிருந்தது.
டாக்டரம்மா மாத்திரை தந்தார், முருங்கைக்கீரை சொன்னார்,
பிறகு அந்தப் பட்டியலையே என் கையில் கொடுத்தார்,
இன்னும் சூடு ஆறாமல்.

பாதாம் விலை கேட்டுவிட்டுத்
திரும்பி வந்தேன்.

பாலத்து முனையில் மைதீன் பிச்சையின் தள்ளுவண்டி.
சிறுமலைப் பழம் என்று கூவுவார்.
பண்ருட்டி லாரியிலிருந்து இறங்கியதை
நான் பார்த்தேன் என்று அவருக்கும் தெரியும்.
ஐந்து சுளை இருபது ரூபாய்.
தின்றவர்கள் கொட்டையைத் துப்ப
ஒரு பெயிண்ட் டப்பா.

டப்பாவைக் கேட்டேன்.
"மாட்டுக்கா?"
"எனக்கு."
"எச்சிம்மா."
"கழுவிக்கிறேன்ணே."

அன்று மதியம் அந்த வண்டியில் நின்றவர்களை
கடையிலிருந்தே பார்த்திருந்தேன்.
ஒரு டிராபிக் கான்ஸ்டபிள். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கி
இரண்டு பிளேட்.
பிரசவ வார்டிலிருந்து வந்த ஒரு மாமியார்.
கல்லூரிப் பையன்கள் நான்கு பேர், யார் தூரம் துப்புவது என்று.
பிணவறைப் பக்கமிருந்து வந்து
ஒரே ஒரு சுளையைக் கையில் வைத்துக்கொண்டு
வெகுநேரம் தின்னாமல் நின்ற ஆள்.
அவரும் கடைசியில் தின்றார்.
அவர் கொட்டையும் டப்பாவில்தான் விழுந்தது.

மூன்று தண்ணீரில் உப்புப் போட்டு அலசினேன்.
ஜன்னல் திட்டில் இரண்டு நாள் காய்ந்ததும்
வெள்ளைத் தோல் தானாகவே கழன்றது.
உள்ளே இருக்கும் பழுப்புத் தோல்தான் பிடிவாதம்;
நகக்கண் வலித்ததும் பாதியில் விட்டேன்.
அதிலும் சத்து என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

குக்கரில் நான்கு விசில்.
நெத்திலிக் கருவாடு, இரண்டு கத்தரிக்காய்,
புளி கொஞ்சம் தூக்கலாக, பூண்டை எண்ணாமல்.
கொட்டை சர்க்கரைவள்ளிக்கும் வேர்க்கடலைக்கும்
நடுவில் எங்கோ நின்றது.
மாவு, கொஞ்சம் புரதம், வயிறு நிறைகிற கனம்.
பாதாமுக்கு ஈடு என்று நான் சொல்ல மாட்டேன்.
மென்று தின்னாவிட்டால் நெஞ்சை அடைக்கும்.
மறுநாள் கடையில்
மிஷின் சத்தம் எனக்குப் பெரிய உபகாரம்.
அதற்கப்புறம் பெருங்காயமும் சேர்த்தேன்.

உப்பு மிளகாய் போட்டு வறுத்து
ஒரு பொட்டலம் வண்டிக்குக் கொண்டுபோனேன்.
மைதீன் பிச்சை ஒன்று தின்றார்.
கத்தியைத் துடைத்தார். இன்னொன்று தின்றார்.
"இதையாம்மா இருபது வருசமா கொட்டிக்கிட்டிருந்தேன்?"

திங்கட்கிழமை வண்டியில் அட்டை தொங்கியது:
பலாக்கொட்டை கிலோ 60.
டப்பாவில் துப்பினவை இல்லை,
தனியாகப் பிரித்துக் காயவைத்தவை.
எனக்கு மட்டும் ஐம்பது என்றார்,
பெரிய மனது பண்ணுவதுபோல.
அட்டையில் ஒட்டியிருந்த தாள்
என் கடையில் வீணாய்ப்போன பிரதி.
காற்றில் ஓரம் தூக்கினால்
பின்பக்கம் ஆறாவது வரி தெரிந்தது.
ஐம்பது ரூபாயைக் கொடுத்தேன்.

ஆடி பிறந்து பழம் ஓய்ந்தபோது
மணல் டப்பாவில் மிச்சம் பதினொன்று.
ஒன்று மட்டும் முளைவிட்டிருந்தது,
வெள்ளையாக, ஓர் அங்குலம்.
நட்டுவைக்க என்னிடம் மண் எங்கே?
மாடி அறைக்கு வாடகை மூவாயிரத்து ஐந்நூறு.
அதையும் சேர்த்தே வேகவைத்தேன்.

மற்றதைவிடச் சற்று இனித்தது.