அசையாமல்

சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில்
பகலில் தூங்கும் ஆண்கள் அதிகம்.
கீரைக்காரர் எங்கள் தெருவுக்குள் வந்ததும்
குரலைத் தணித்துக்கொள்வார்.

கரி வேகன்களை மேட்டூரில் விட்டுவிட்டு
காலை ஏழுக்கு வருவார் என்னவர்.
குளியல், நாலு இட்லி, பிறகு பாய்.
நான் பார்க்கக் கிடைப்பது
பெரும்பாலும் அப்படித்தான்.
அப்படியே வரைந்தேன்,
தம்பி வேலை பார்க்கும் ஜவ்வரிசி மண்டியின்
பழைய ரசீதுகளின் பின்பக்கத்தில்.
உற்றுப் பார்த்தால் மூட்டைக் கணக்கு
அவர் முதுகு வழியே தெரியும்.

ஏற்காட்டில் மலர்க் கண்காட்சி நடந்த வாரம்
பள்ளிக்கூட அறை ஒன்றைக் கொடுத்தார்கள்.
பதினாறு படங்கள், கயிறு, துணி கிளிப்.
மழைக்கு ஒதுங்கியவர்கள்தான் பார்த்தார்கள்.
"இவரு செத்துட்டாரா?" என்றான் ஒரு பையன்.
நாத்தனார் பூங்கோதை கேட்கவில்லை,
முடிவே செய்துவிட்டாள்.
"எங்கண்ணனைப் பொணமாட்டம் படுக்க வெச்சிருக்க.
கைலி வேற வெலகிக் கெடக்கு. நாலு பேர் பார்க்க."

அன்று கைலியை இழுத்துவிட எழுந்தேன்தான்.
நிழல் மாறிவிடுமே என்று உட்கார்ந்துவிட்டேன்.
அதை அவளிடம் சொல்லவில்லை.

அவர் ஏழாவது படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.
"இதுல பக்கெட்டு தப்பு.
பதினோரு மணிக்கே தள்ளி வெச்சுட்டியே."
"தூங்கலையா நீங்க?"
"பிளேடுல பென்சில் சீவுற சத்தம் கேட்டா
படம் போடறேன்னு தெரிஞ்சிரும்.
அசைஞ்சா உனக்குக் கெட்டுப்போகும்ல."
எந்தெந்தப் படம் என்று கேட்பதற்குள்
"இங்க டீ எங்க கெடைக்கும்" என்று போய்விட்டார்.

இறங்கும்போது பஸ்ஸில்
படங்களை மடியில் வைத்து ஒவ்வொன்றாகத் தேடினேன்:
இமையில், கால் பெருவிரலில்,
தலைக்கு அணையாய் மடித்த கையில்.
எது தூக்கம், எது எனக்காக?
என் கோட்டுக்கே தெரியவில்லை.
இரண்டு வருடமாக
விழித்திருக்கும் ஒருவர் முன்னால்
தனியாக இருப்பதாக நினைத்து
மூக்கைச் சிந்தியிருக்கிறேன்,
அழுதும் இருக்கிறேன், ஒருநாள்.

பன்னிரண்டாம் வளைவில் நிஜமாகவே தூங்கிப்போனார்.
வாய் திறந்து, நெற்றி சுருங்கி,
தலை என் தோளில் இடித்து இடித்து.
பதினாறில் ஒன்றிலும் இந்த முகம் இல்லை.
பென்சில் என் பையில், பை காலடியில்.
குனியவில்லை.

முன் இருக்கையிலிருந்து பூங்கோதை திரும்பினாள்.
அண்ணனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"ஜன்னலைச் சாத்து" என்றாள்
கீரைக்காரர் குரலில்.
"சாரலடிக்குது."
கை எட்டவில்லை என்று கண்ணால் சொன்னேன்.
அவளே எழுந்து வந்து சாத்தினாள்.