வாராக்கடன்

தேவகோட்டை சப் கோர்ட் உத்தரவு,
பாகப் பிரிவினை வழக்கு.
பள்ளத்தூரில் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு
நான்தான் வக்கீல் கமிஷனர்.
முகப்பில் தூண் இருபத்திரண்டு, பர்மாத் தேக்கு
என்று நான் சொல்ல, குமாஸ்தா சூசை எழுதினார்.
பித்தளை அண்டா ஒன்பது.
பீங்கான் ஜாடி, மூடியில்லாமல், நான்கு.
வாதி நிலைப்படியில்.
பிரதிவாதி காருக்குள், கண்ணாடி ஏற்றி.
அண்ணனும் தங்கையும் பேசிப் பதினோரு வருஷம்.

பெட்டகத்தை அறுத்துத் திறந்தோம்.
நகை இல்லை. வாதியின் முகம் செத்தது.
ஒரு பேரேடு இருந்தது, சிவமயம் என்று தொடங்கி.

பிரஜோத்பத்தி வருஷம், ஆனி.
ரெங்கோனுக்கு வடக்கே எங்கோ ஒரு கிட்டங்கி.
‘கலகம் அடக்க வந்த பட்டாளத்துக்கு
அரிசி, கோழி, சுருட்டு வகையில் பற்று
முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய் எட்டணா.’
அடுத்த வரி:
‘பெட்டியடிப் பையன் கல்லல் முத்துக்கருப்பன், வயது பதினைந்து,
கலகக்காரர் வெட்டி மாண்ட வகையில்
தாயாருக்கு அனுப்பியது ரூபாய் நாற்பது.’

கல்லல் என் ஊர்.

என் தம்பி சேவுகமூர்த்திக்கும் அதுதான் ஊர்.
சி.ஆர்.பி.எஃப்.
சத்தீஸ்கர் காட்டில், தார் ரோட்டுக்கு அடியில் புதைத்த டின் ஒன்று
அவனை மூன்று பொட்டலமாக்கி அனுப்பியது.
கொடி போர்த்தியதால் தெரியாது என்று நினைத்தார்கள்.
தூக்கி வந்தவர்களின் நடையிலேயே
எடை குறைவது தெரிந்தது.
பதினேழாம் நாள் டி.வி.யில்
காட்டுக்குள் ஒன்பது பேர் சுட்டுக் கொலை என்றார்கள்.
அன்றைக்குத்தான் எனக்குப் பசித்தது.
இரண்டு தட்டுச் சோறு தின்றேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

பார் ரூமில் கேட்பார்கள்,
சொந்த ஜனத்தை அரசு சுடலாமா?
சுடலாம் என்பேன்.
கண்ணிவெடி புதைக்கிறவனுக்கு
பதினைந்து நாள் நோட்டீஸா அனுப்புவது?
காப்பாற்ற முடியாத அரசுக்கு நான் எதற்கு வரி கட்டுகிறேன்?
இப்போதும் அதில் ஒரு சொல்லை அடிக்க மாட்டேன்.

சூசை பக்கம் திருப்பினார்.
வாராக்கடன்.
‘மவுங் போ டுன், ஏக்கர் ஆறு. வட்டி நீங்கலாக அசல் நூற்றெண்பது.
சுடப்பட்டார்.
கோ லூன், ஏக்கர் மூன்றரை. தூக்கு.
மா எய், பெண்பிள்ளை, ஜாமீன் கைநாட்டு. காணோம்.’
இப்படிப் பதினான்கு.
பட்டாளம் தலையை எண்ணியிருக்கும்.
பெயரை வைத்திருந்தது கடை மட்டும்தான்,
கடன் இருந்ததால்.
ஆறு ஏக்கர், மூன்றரை ஏக்கர், எல்லாம்
எதிர்ப்பக்கத்தில் வரவாக ஏறியிருந்தது.
ஒரு காசு பிசகவில்லை.

தூணில் சாய்ந்திருந்தவள் விலகி நின்றேன்.

முத்துக்கருப்பனை வெட்டிய கை
இந்தப் பதினான்கில் எது?
ஒன்றா, இரண்டா? மீதி எதற்கு?
எனக்குச் சோறு இறங்க வைத்த அந்த ஒன்பதில்
டின்னைத் தொட்டவர்கள் எத்தனை பேர்?
எந்தப் பேரேட்டில் போய்ப் பார்ப்பேன்?
அவர்கள் எந்தக் கடையிலும்
கடன் வைத்திருக்கவில்லை போல.

தம்பி கடைசியாகப் போனில் சொன்னது:
‘அக்கா, இங்க யாரக் கேட்டாலும்
பேரு சொல்ல மாட்டேங்குறாங்க.
நாங்களும் எழுதிக்கிறதில்ல.’
அதற்கு மேல் சிக்னல் இல்லை.

‘பழைய நோட்டு ஒன்று, கறையான் அரித்தது.
மதிப்பு என்ன மேடம் போட?’
குப்பையில் போடுங்க என்றார் வாதி.
வாசலுக்குப் போய்க் கேட்டார் சூசை.
கார்க் கண்ணாடி நாலு விரல் இறங்கி
ஆமாம் என்றது.
பதினோரு வருஷத்தில் முதல் சம்மதம்.

மதிப்பைக் காலியாக விடச் சொன்னேன்.
அவர் பேனாவை வாங்கி
அறிக்கைத் தாளில் நானே எழுதத் தொடங்கினேன்,
கல்லல் முத்துக்கருப்பன் முதலாக,
ஒன்றன் கீழ் ஒன்றாக.
எட்டாவது பெயர் இருந்த இடத்தில்
விரல் நுழையும் அளவுக்குத் துளை.
அதன் வழியே
அடுத்த பக்கத்து வரவு தெரிந்தது.