வடிகால்

கூத்தாநல்லூர் ஜக்கரியா பையில் முடிந்து கொடுத்தபோது
அதற்கு என் சுண்டுவிரல் நீளம்.
இறாலும் இல்லை நண்டும் இல்லை,
கிரேஃபிஷ் என்றார்.
பளிங்கில் மை தெறித்தாற்போல் முதுகு.
மன்னார்குடியில் பஸ் மாறி
திருத்துறைப்பூண்டியில் இறங்கும்போது
பையில் ஒரு துளை. மடியெல்லாம் ஈரம்.

குழாய்த் தண்ணீரை ஒருநாள் வாளியில் வைத்து ஊற்று,
ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டு போடு,
செம்பு மட்டும் ஆகவே ஆகாது.
இத்தனைக்கும் அதன் ரத்தத்தில் ஓடுவதே செம்புதான்,
இரும்பு இல்லை.
பதினோரு வருடமாக ஆய்வகத்தில்
சிவப்பையே பார்த்து வந்தவளுக்கு
இது பிடித்திருந்தது.

மூன்றாம் வாரம் சாப்பிடவில்லை.
ஒருக்களித்துக் கிடந்தது.
செத்துவிட்டதென்று நினைத்துத் தூங்கினேன்.
காலையில் இரண்டு கிடந்தன:
கண்ணின் மேல்தோல்வரை கழற்றிப் போட்ட ஒன்று,
குழாய்க்குள் நடுங்கும் ஒன்று.
வெற்றுக்கூட்டை எடுக்கப் போனேன்.
"எடுக்காதீங்க மேடம், அது தின்னும்.
சுண்ணாம்பு வேணும்ல அதுக்கு."
நேற்றைய தன் காலிலிருந்து தொடங்கியது.
தலையை மிச்சம் வைத்தது.

கீழ்வீட்டு மரியசூசை வாடகை வாங்க வந்தவர்
தொட்டி முன்னால் குந்தினார்.
"இது வரப்புல ஓட்டை போடுமா?"
அவருக்கு ஆறு மா, கடைமடையில்.
ஒரு நண்டு வளை போதும்,
ராத்திரி பாய்ந்த தண்ணீர்
விடியுமுன் அடுத்தவன் வயலுக்குப் போய்விடும்.
தெரியலைங்க என்றேன்.
அவர் உட்கார்ந்திருந்த பக்கம்
கூழாங்கல்லைக் கண்ணாடிவரை
தோண்டி வைத்திருந்தது அது.

ஆனியில் வாலடியில் முட்டைகள்,
கருநாவல் நிறத்தில், கொத்தாக.
தொட்டியில் வேறு யாருமில்லை.
"இந்த வகையில ஆணே கிடையாது மேடம்.
எல்லாம் தாய்தான். பொறக்கிறதும் அதுவேதான்."
அன்று மதியம்
ஒற்றைக் கோடு விழுந்த அட்டையோடு
ஏழாம் மாதமாக வந்த பெண்ணிடம்
முடிவு எழுதிய சீட்டை மடித்துக் கொடுத்தேன்.
அவள் மடிப்பைப் பிரிக்கவில்லை.

முள்ளியாற்றுக்குத் தண்ணீர் வந்த ராத்திரி
கரண்ட் போனது.
காற்றுக்குமிழ் நின்றால் அது மேலே ஏறும் என்று
எனக்கு யாரும் சொல்லவில்லை.
டார்ச்சில் தொட்டி காலி.
குளியலறையில் இருந்தது,
உடம்பெல்லாம் தூசியும் என் தலைமுடியும்,
வடிகால் கம்பியின்மேல்
இரண்டு கொடுக்கும் தூக்கி என்னைப் பார்த்து.
அந்தக் குழாய் சாக்கடைக்கு,
சாக்கடை வாய்க்காலுக்கு,
வாய்க்கால் ஆற்றுக்கு.
கொஞ்சநேரம் நான் எதுவும் செய்யவில்லை.
அப்புறம் முதுகுப்புறமாகப் பிடித்தேன்.
அப்போதும் முட்டைகளை விசிறிக்கொண்டுதான் இருந்தது.

பொரித்துவிட்டன.
ஆய்வகத்தில் அணுக்கள் எண்ணும் கருவியைக்
கைப்பையில் போட்டு வந்தேன்.
நூற்று எழுபத்து மூன்றில் விட்டேன்,
ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறது, எல்லாம் ஒரே முகம்.
மூடிமேல் செங்கல், வடிகாலில் கொசுவலை.
ஆத்துல மட்டும் விட்டுராதீங்க என்றார் ஜக்கரியா.
ஃப்ரீசர்ல வச்சா வலிக்காது, தூங்கிரும்.

ஐஸ் தட்டை எடுத்து இடம் பண்ணினேன்.
கீழே மரியசூசை மண்வெட்டியோடு கிளம்புகிறார்,
இன்றைக்கு அவர் முறை.
சைக்கிள் செயின் சத்தம் தெருமுனைவரை கேட்டது.

ஐஸ் தட்டை மறுபடி உள்ளே வைத்தேன்.
அரைக்கீரை வெந்துவிட்டது,
முதலில் ஆற வேண்டும்.