மூன்றாம் புரூஃப்

கும்பகோணம் ரயிலடிக்குப் பின்னால்
தாவூது அண்ணன் அச்சகத்தில்
கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே வந்த வேலை:
சண்டை ஓய்ந்த அக்கரைப் பிள்ளைகளுக்கு
வாசிப்பு நூல். நாற்பது பக்கம், ஆயிரம் படி.

முதல் புரூஃபில் ஒற்றுப்பிழை மட்டும் பார்த்தேன்.
இரண்டாவதில்
பன்னிரண்டாம் பக்கம் கையைப் பிடித்தது.
‘வரப்பை விட்டு இறங்கு. வயலில் ஓடு.’
குறுவை அறுத்த தாள் காலில் குத்தக் குத்த
ஓடித் திரிந்த நம்மூர்க்காரர் யாரோ எழுதியது.
அங்கே வயலுக்குள் என்ன புதைந்திருக்கிறதென்று
யோசிக்கவில்லை போல.
சிவப்பு மையால் அடித்தேன்:
‘வரப்பிலேயே நட. மெல்ல நட.’

இருபதாம் பக்கத்தில் குண்டுமல்லி.
குண்டை எடுத்தேன்.
‘எங்கள் வீட்டில் ஆறு பேர்.’
ஆறை அழித்துக் கோடு போட்டேன்,
அவரவர் நிரப்பிக்கொள்ளட்டும்.

முருங்கன் பக்கத்துப் பள்ளியிலிருந்து
ரெஜினா டீச்சர் மாதிரிப்படியைத் திருப்பி அனுப்பியிருந்தார்.
வகுப்பே கூடிப் பென்சிலால் திருத்தியிருந்தது.
மல்லிக்கு முன்னால் மறுபடியும் குண்டு.
கோட்டின் மேல் ஒரு நாலு,
அதற்கும் மேல்
‘ஆட்டோட சேர்த்து மூண்டு’.
பன்னிரண்டாம் பக்க ஓரத்தில்
பெயரில்லாத கோணல் எழுத்து:
‘எங்கட வயலில வெடி எல்லாம் எடுத்தாச்சு.
மண்டையோட்டுப் பலகையும் கழட்டிப்போட்டினம்.
இனி ஓடலாம்.’

“எத்தன தடவதான் மாத்துவே?”
தாவூது அண்ணன் மிஷினை நிறுத்தாமலே கத்தினார்.

ஓடு என்று திரும்பப் போட்டேன்.
வரி முடிவில்
கறுப்பாய், சின்னதாய் ஒரு முற்றுப்புள்ளி.
அதையே
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.