நாற்பத்தொரு நிறுத்தம்

மல்லாக்கப் படுத்தால் மூச்சு அடைக்கிறது.
வலப்பக்கம் தையல்.
இடப்பக்கம் புரண்டால்
தூளிக்கட்டுக்குள் கிடக்கும் கை
அறுத்துத் தொங்கவிட்ட கோழி மாதிரி
மார்புக்குக் குறுக்கே இழுக்கிறது.
எனவே உட்கார்ந்து தூங்குகிறேன்.

பென்னாகரம் ரோட்டுப் பழைய சாமான் கடையில்
மாதம்மா பேரம் பேசி வாங்கிய சீட்டு இது.
ஏதோ ஒரு சொகுசு வண்டியில் கழற்றியது.
பாதிக்குமேல் சாயாது.
முதுகில் பதினேழு என்று நம்பர் இன்னும் இருக்கிறது.
முப்பத்தோரு வருஷம் நின்றுகொண்டே ஓசூர் போனவனுக்கு
ஒருவழியாக இடம் கிடைத்தது.

மேல்கம்பி பிடித்த கைதான் போனது.
"கயிறு மாதிரி இருக்கணும் சார்,
நார்நாராப் பிரிஞ்சிருக்கு" என்றார்
தோளைத் திறக்கப் போகிற டாக்டர்.

மயக்க மருந்து கொடுக்கும் பெண் சின்ன வயசு.
ரவிக்கைக்கு அளவெடுப்பதுபோல்
என் கழுத்தைச் சுற்றி டேப் வைத்தாள்.
குறட்டை உண்டா?
இல்லை என்றேன்.
மாதம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
நடுவுல நின்னு போகுமா?
சிரிப்பு நின்றது.

உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஓர் இரவு எண்ணினார்கள்.
மணிக்கு நாற்பத்தொன்று.
என் வண்டிக்கே அத்தனை நிறுத்தம் கிடையாது.
சோகத்தூர், புலிக்கரை, பாலக்கோடு,
எங்கே நின்றாலும்
ஒரு கிழங்கு மூட்டையாவது ஏறும்,
ஒரு பிள்ளையாவது தூக்கக் கலக்கத்தில் இறங்கும்.
இது யாரும் இல்லாத இடத்தில் நிற்கிறது.
விசில் என் சட்டைப் பையில்.
சட்டை ஆணியில்.

முகமூடியின் வாருக்கு இரண்டு கை வேண்டும்,
என்னிடம் இருப்பது ஒன்று.
தினமும் பத்து மணிக்கு அவள் மாட்டிவிடுகிறாள்.
"ஆடாத இருய்யா,
மாட்டுக்கு வாய்ப்பூட்டு போடுறது
இதைவிட லேசு."
பிறகு மிஷினைத் தட்டிவிடுவாள்.
மலையடிவாரக் காற்று ஜன்னல் இடுக்கில் வருகிற மாதிரி
அது மூக்கில் ஏறும்.
தவணை இன்னும் பதினாலு மாசம்.

ஒன்பதாம் நாள் ராத்திரி மாத்திரை கேட்கவில்லை.
எலும்புக்குள் ஆணியைத் திருகிக்கொண்டே
யாரோ பேசாமல் இருந்தார்கள்.
பெங்களூர் ரயில் போய் முடிந்த பிறகு
தரையில், பாயில்,
மாதம்மா மூச்சு விடுவது கேட்டது.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம்.
இதற்கு முன் நான் அதைக் கேட்டதே இல்லை,
என் இரைச்சலில் எங்கே கேட்க?

மெல்லிசாகத்தான் வந்தது.
சட்டென்று நின்றது.
கண்ணைத் திறக்காமலே தலையைத் தூக்கினாள்,
என் பக்கம் காதைக் கொடுத்தாள்,
மிஷின் ஓடுகிறது என்று தெரிந்ததும்
தலையைப் போட்டாள்.
ஐந்து நிமிஷத்தில் மறுபடி.

டிக்கெட் கட்டின் அட்டையில்
இடது கையால் கோடு போட்டேன்.
கோணல் மாணலாக,
மூன்று மணியிலிருந்து நாலு மணிக்குள் பதினொன்று.
இவளுக்கு யாரும் ஒயர் ஒட்டவில்லை.
நான் நின்ற இடத்திலெல்லாம் இவளும் நின்றிருக்கிறாள்,
நான் புறப்பட்டது தெரிந்த பிறகே புறப்பட்டிருக்கிறாள்.
இப்போது வண்டி நிற்காமல் ஓடுகிறது,
பழக்கம் நிற்கவில்லை.

எழுப்பிச் சொல்ல நினைத்தேன்.
முகமூடிக்குள் இருந்து பேசினால்
வார்த்தை வராது, காற்றுதான் வரும்.

பன்னிரண்டாவது தடவை தலை தூக்கினாள்.
சீட்டோரத் தகரத்தில்
இடது கையால் இரண்டு தட்டு தட்டினேன்.
அப்படியே படுத்துக்கொண்டாள்.
வெளிச்சம் வரும்வரை நானும் எண்ணவில்லை.

காலையில் காபியை ஆற்றியபடி சொன்னாள்:
"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன்.
உன் வண்டியில ராயக்கோட்டை தாண்டிப் போற மாதிரி
கனவு வேற."

உட்கார்ந்தா, நின்னுக்கிட்டா என்றேன்.

"ம்க்கும்" என்றாள்,
"உன் வண்டியில
எனக்கு எப்ப நீ இடம் போட்டுக் குடுத்த?"